மலை உங்கள் வாசலில்: தாவரச் சூழலியலில் கரியர் அமைக்க 9 வழிகள்

சின்னமனூரில் ஹைவேவிஸ் பஸ் ஏறுங்கள். ஜன்னல் ஓர சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் திராட்சைப் பந்தல், வாழை, தென்னை. மலையடிவாரம் வந்ததும் முள்ளும் புதருமாக வறண்ட காடு. வளைவுகள் ஏற ஏற இலையுதிர் மரங்கள். இன்னும் மேலே போனால் காற்று குளிரும், காடு கறுக்கும். பசுமைமாறா மரங்கள், ஏலத்தோட்டம், டீ எஸ்டேட். இறங்கும்போது ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் இந்த ஏற்றத்தைப் படிக்க விசா, கிராண்ட், பெர்மிஷன் என்று வருஷக்கணக்கில் அலையவேண்டும். உங்களுக்கு வீட்டிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான்.

தேனிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போட்டியில் கிடைத்திருக்கும் முதல் பிளஸ் பாயிண்ட் இது. ஆனால் பிளஸ் பாயிண்ட் மட்டும் வேலை வாங்கித் தராது. பாட்டனி டிகிரியோடு வந்து, "எனக்குக் காடுன்னா ரொம்பப் பிடிக்கும் சார்" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் வரிசை கட்டி நிற்கிறார்கள். காடு யாருக்குத்தான் பிடிக்காது? பேனலில் இருப்பவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இந்த ஆளை எடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கவேண்டும். மேலே வந்தவர்களைக் கவனித்தால் ஒரு பொது அம்சம் தெரியும். மற்றவர்கள் தங்கள் வேலையைச் செய்ய, இவர்கள் வேலையைத் தொட்டே ஆகவேண்டும். அப்படி எதையாவது உருவாக்கியவர் பெயர்தான் துறையில் நிற்கிறது. அதை எப்படிச் செய்வது?

1. அடுத்தவர் மேஜையில் இருக்கவேண்டியதைத் தயார் செய்யுங்கள்

பாதர் கே.எம். மேத்யூவைத் தெரிந்துகொள்ளுங்கள். இயேசு சபைத் துறவி, தாவரவியலாளர். 1967-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கினார். 1969-ல் கொடைக்கானலில் புகுந்த அயல் செடிகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். 1980-களில் தமிழகச் சமவெளித் தாவரங்களுக்கான பெருந்தொகுப்பான 'ஃப்ளோரா ஆஃப் த தமிழ்நாடு கர்நாடிக்' வெளிவந்தது. 1999-ல் பழனி மலைத் தாவரங்கள் மூன்று பாகங்களாக வந்தன. 2004-ல் மறைந்தார்.

கணக்குப் போடுங்கள். ஹெர்பேரியத்திலிருந்து பழனி மலைப் புத்தகம் வரை 32 வருஷம். பெரியகுளத்துக்குப் பின்னால், கும்பக்கரை அருவிக்கு மேலே நிற்பது அதே பழனி மலைதான். இன்று அங்கே செடி பார்க்கப் போகும் மாணவரோ வனத்துறைக்கு அறிக்கை எழுதும் ஆலோசகரோ, ஒரு செடியின் பெயர் உறுதியாக வேண்டுமென்றால் மேத்யூவைப் புரட்டாமல் வேலை முடியாது. இன்னும் பின்னால் போனால், 1915-ல் தொடங்கி 1936-ல் முடிந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பு. நூறு வருஷம் தாண்டியும் அது மேஜையில்தான் இருக்கிறது, அலமாரிக்குப் போகவில்லை.

நீங்கள் மூன்று வால்யூம் எழுதவேண்டியதில்லை. உங்கள் தாலுகாவில் உள்ள கோயில்காடுகளின் மரப்பட்டியல், ஒரு ஓடைக்கரையின் செடிப்பட்டியல், படங்களோடு ஒரு கையேடு. சின்னதாக இருக்கட்டும், தப்பில்லாமல் இருக்கட்டும்.

2. எல்லோரும் நம்பும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்

மேத்யூ காட்டியது ஆழத்தின் வழி. கேள்வியின் வழி இன்னொன்று. அதற்கு உதாரணம் கமல்ஜித் பாவா. பஞ்சாபின் கபூர்தலாவில் பிறந்து, பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, அமெரிக்கா போனவர். வெப்பமண்டலக் காட்டில் ஒரே வகை மரங்கள் வெகுதூரம் தள்ளித்தள்ளி நிற்கின்றன. அதனால் அவை பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்று அந்தக் காலத்தில் பல நிபுணர்கள் நினைத்தார்கள். பல மர வகைகளை எடுத்து, உட்கார்ந்து பரிசோதித்தவர் அரிது. பாவா கோஸ்டா ரிகா காட்டில் பரிசோதித்தார்.

செய்முறை எளிது, பொறுமைதான் செலவு. மொட்டு விரியும் முன்பே வலைப்பை கட்டவேண்டும், பூச்சி உள்ளே போகக்கூடாது. பூ விரிந்ததும் சில பூக்களில் அதே மரத்தின் மகரந்தம், சில பூக்களில் வேறு மரத்தின் மகரந்தம். திரும்பப் பை கட்டி, அடையாள நூல் கட்டி, எது காய்ப்பிடிக்கிறது என்று எண்ணவேண்டும். 1974-ல் வந்த அவர் கட்டுரையின் முடிவு: பெரும்பாலான மரங்களுக்கு வேறு மரத்தின் மகரந்தம் தேவை. தனிமரம் தோப்பாகாது என்று நம் பாட்டி சொன்னதற்கு லேப் ரிப்போர்ட் வந்த மாதிரி ஆயிற்று.

ஏன் அந்தக் கட்டுரை பேசப்பட்டது? காட்டைத் துண்டு போட்டு, நடுவில் ஒற்றை மரத்தை மட்டும் விட்டுவைத்தால் அது நிற்கும், ஆனால் காய்க்காமல் போகலாம் என்ற விளைவு அதற்குள் இருந்தது. பரிணாமம் படிப்பவர், மரபியல் படிப்பவர், காடு காப்பவர் என மூன்று கூட்டத்துக்கும் அது தேவைப்பட்டது. ஒரு கேள்வியை எடுக்கும்போதே எத்தனை கூட்டம் இதைத் தேடி வரும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கூட்டம்கூடத் தேறவில்லையா? கேள்வியை மாற்றுங்கள்.

3. கேள்வியை உங்கள் ஊரில் தேடுங்கள்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்துக்கு ஊரறிந்த இடம். ஏலப்பூ ஒரே நாள்தான் வாழும். அதற்குள் தேனீ வரவேண்டும், இல்லையென்றால் காய் குறையும். தோட்டத்தில் என்ன நிழல் மரம் நிற்கிறது, அது எப்போது பூக்கிறது, அதனால் தேனீ கூடுகிறதா குறைகிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பல்கலைக்கழகமும் கேட்கும், தோட்டக்காரரும் கேட்பார். காசு வரும் கேள்வி எது என்று பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்னும் இருக்கின்றன. மலைச்சரிவில் உண்ணிச்செடி எவ்வளவு உயரம் வரை ஏறியிருக்கிறது? தீ எரிந்த போதைப்புல் சரிவில் அடுத்த மூன்று வருஷத்தில் எது முதலில் முளைக்கிறது? வருசநாட்டு மலையில் காடு குறைந்தால் வைகைக்கு வரும் ஓடைகள் என்ன ஆகின்றன? கேரளப் பக்கம் மழை கொட்ட, கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் கிடக்கிறது. 1895 முதல் பெரியாறு அணைத் தண்ணீர் சுரங்கம் வழியே வந்துதான் இந்தப் பச்சை. ஒரு மலைமுகட்டின் இரண்டு பக்கமும் இரண்டு உலகம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் எது?

4. லேபிளில் கஞ்சத்தனம் கூடாது

1948-ல் மேகமலையில், அன்றைய பெயரில் ஹைவேவி மலையில், ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கையாளர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்புக்குப் போனது. சாதாரண வகை என்று பெயர் எழுதி வைத்துவிட்டார்கள். 24 வருஷம் கழித்து, 1972-ல், தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லாங்யா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று அறிவித்தார். பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரால் லாடிடென்ஸ் சாலிமாலி ஆனது.

வௌவால் கதை செடிக்காரருக்கு எதற்கு? பெயர் தப்பாக இருந்தும் மாதிரி பிழைத்தது. காரணம், எங்கே, யார் எடுத்தார் என்ற விவரம் அதோடு இருந்தது. பெயரைப் பிறகு திருத்தலாம். இடத்தையும் தேதியையும் யாராலும் திருத்த முடியாது.

ஆகவே ஹெர்பேரியம் ஷீட் போடும்போது கையோடு செய்யுங்கள். பூவோ காயோ உள்ள கிளையை எடுங்கள். பழைய நாளிதழுக்குள் விரித்து, ஓர் இலையையாவது திருப்பிப் போட்டு அடிப்பக்கம் தெரியும்படி வையுங்கள். பிரஸ்ஸை இறுக்கிக் கட்டுங்கள். முதல் வாரம் தினமும் பேப்பர் மாற்றுங்கள். சோம்பல் பட்டால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததும் பூ நிறம் மாறிவிடும், மணம் போய்விடும், மரத்தின் உயரம் பேப்பருக்குள் வராது. அதனால் நிறம், மணம், உயரம், ஜிபிஎஸ், கடல்மட்ட உயரம், பக்கத்தில் நின்ற மரங்கள், தேதி, உங்கள் பெயர், உங்கள் வரிசை எண் எல்லாம் அந்த இடத்திலேயே நோட்டில் ஏறவேண்டும். பென்சிலால்.

ஏன் பென்சில்? ஆரம்பகாலத்தில் நான் அழகாக இங்க் பேனாவால் எழுதினேன். மலையில் மூன்று நாள் விடாமல் சாரல். கீழே இறங்கிப் பையைத் திறந்தால் லேபிள் எல்லாம் நீலக்கறை. அறுபது செடி, ஒரே இரவில் வைக்கோல். அந்த சீசன் திரும்பிவர ஒரு வருஷம் காத்திருந்தேன். ஒரு பென்சில் விலையில் ஒரு வருஷம் போயிற்று.

5. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்

புது இடம் புது இடமாக ஓடுவது டூரிஸ்ட் வேலை. முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆர். சுகுமார் குழு 1988-ல் 50 ஹெக்டேர் நிலையான பிளாட் ஒன்றை அமைக்கத் தொடங்கியது. உள்ளே ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் உள்ள மரம் ஒவ்வொன்றுக்கும் எண். யானை முறித்தது, தீயில் செத்தது, புதிதாக வந்தது என எல்லாவற்றுக்கும் கணக்கு. உலகளாவிய பிளாட் வரிசையில் அதுவும் ஒன்று என்பதால், மற்ற நாட்டுக் காடுகளோடு ஒப்பிட விரும்புகிறவரும் இங்கே வந்து சேர்கிறார். ஆனைமலையின் வரகலியாற்றில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் என். பார்த்தசாரதி 30 ஹெக்டேரில் செய்ததும் இந்த வகை உழைப்புதான்.

உங்களிடம் 50 ஹெக்டேரும் இல்லை, ஆளும் இல்லை. அனுமதி கிடைத்த இடத்தில் பத்துக்குப் பத்து மீட்டரில் பத்துச் சதுரம் போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப் வையுங்கள். அந்த உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவு போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு அளவு வரும். அளந்த கோட்டில் பெயின்ட் அடியுங்கள். மூன்றாவது வருஷம் அதே கோட்டில் அளந்த எண், கைவசம் உள்ள பத்து சர்டிபிகேட்டைவிட அதிகம் பேசும்.

காட்டுக்குள் போகமுடியாதவர் பூக்கும் காலத்தைக் குறிக்கலாம். வீட்டுக்கு எதிரே நிற்கும் புளி, புங்கை, வேம்பு எதுவானாலும் சரி, வாரம் ஒரு நாள் தளிர், பூ, காய் நிலவரத்தைக் குறியுங்கள். சீசன்வாட்ச் போன்ற மக்கள் அறிவியல் திட்டங்களில் அதைப் பதிவேற்றலாம். செலவு இல்லை. ஒழுங்கு மட்டும் வேண்டும்.

6. பெர்மிஷன் இல்லாமல் காலடி வைக்காதீர்கள்

2021 முதல் மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆய்வு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். "ரேஞ்சர் நமக்குத் தெரிஞ்சவர்" என்பது அனுமதி ஆகாது. அனுமதி எண் இல்லாத டேட்டாவை நல்ல ஜர்னல் தொடாது. விண்ணப்பத்தில் எந்தச் செடி, எத்தனை மாதிரி, எந்த மாதம், யார் யார் வருகிறார்கள் என்று துல்லியமாக எழுதுங்கள். மாதங்கள் ஆகும். அதற்கேற்ப முன்பே போடுங்கள்.

பாதுகாப்பும் இதில் சேர்த்திதான். 2018 மார்ச் 11 குரங்கணித் தீயை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பிப்ரவரி முதல் மே வரை புல் சரிவு காய்ந்த வைக்கோல்போர். உள்ளூர் ஆள் இல்லாமல், கீழே ஒருவருக்குத் தகவல் சொல்லாமல் போகாதீர்கள். தைரியசாலி என்ற பெயரைவிட, டீமைப் பத்திரமாகக் கூட்டிவருகிற ஆள் என்ற பெயர் வேலை வாங்கித் தரும்.

7. படிப்பையும் கைடையும் விசாரித்துத் தேர்ந்தெடுங்கள்

உத்தமபாளையத்திலோ போடியிலோ பெரியகுளத்திலோ டிகிரி படிக்கிறீர்களா? தாழ்வு மனப்பான்மை வேண்டாம். அங்கிருந்து அடுத்த படியைச் சரியாக வையுங்கள். சூழலியல் முதுகலைக்குப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம், வன உயிரியலுக்கு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, பெங்களூரு என்சிபிஎஸ் ஆகியவை தெரிந்த வாசல்கள். செடி அடையாளம் கற்க கோவையில் பாட்டனிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையம் இருக்கிறது. வனப்படங்களுக்கும் தாவர வரைபடங்களுக்கும் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம். டிகிரி படிக்கும்போதே இந்திய அறிவியல் கழகங்களின் கோடைகால ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். ஒரு நல்ல லேபில் இரண்டு மாதம் இருந்தவரின் பயோடேட்டா தனியாகத் தெரியும்.

சிஎஸ்ஐஆர் – யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் பேரம் உங்கள் கைக்கு வரும். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. சொந்தப் பணத்தோடு வரும் மாணவரை எந்த கைடும் உட்கார வைத்துப் பேசுவார்.

கைடைச் சேரும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள். அவரிடம் படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள்? முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா? பதில்களை கைடிடம் கேட்காதீர்கள், பழைய மாணவரிடம் கேளுங்கள். டீக்கடையில் கேளுங்கள், லேபுக்குள் வேண்டாம்.

8. வழிகாட்டியவருக்குப் பெயரும் பங்கும் கொடுங்கள்

தேனி மலைகளில் பளியர் பழங்குடியினருக்குத் தெரிந்த செடி, கொடி, கிழங்கு விவரம் எந்த ஃப்ளோராவிலும் முழுசாக இல்லை. அவர்களோடு போனால் உங்கள் வேலை பாதியாகும். அப்படியானால் பாதிப் பெயர் யாருக்கு? நாள்கூலி மட்டும் கொடுத்துவிட்டு நன்றியுரையில் 'உள்ளூர் மக்கள்' என்று ஒரு வரி எழுதுவது பழைய பழக்கம். இன்று அது எடுபடாது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002 வந்த பிறகு, சமூக அறிவைப் பயன்படுத்தி ஆதாயம் பார்த்தால் பங்கு கொடுக்கவேண்டும் என்பது விதி.

அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை செடியிலிருந்து திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவினர் 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தார்கள். அதன் உரிமத் தொகையில் பாதி காணிகளின் டிரஸ்டுக்குப் போக ஏற்பாடு ஆனது. அமலாக்கத்தில் சிக்கல்கள் பின்னால் வந்தாலும், உலகம் முழுக்க இந்தத் துறையில் பேசப்படும் உதாரணம் அது. சுயநலமாகவே யோசியுங்கள்: ஊரில் பெயர் கெட்டால் அடுத்த சீசனில் யாரும் உங்களோடு மலையேற மாட்டார்கள்.

9. ஸ்கோரைத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்கு அடிமையாகாதீர்கள்

எச்-இண்டெக்ஸ் என்பது 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் கொண்டுவந்த அளவு. உங்கள் கட்டுரைகளில் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 10. செலக்ஷன் கமிட்டி பார்க்கும், அதனால் கூகுள் ஸ்காலர், ஆர்கிட் இரண்டிலும் புரொஃபைல் திறந்து, இனிஷியலை ஒரே மாதிரி எழுதுங்கள். இனிஷியலை முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, விரித்து ஒரு முறை என்று எழுதினால் நீங்கள் மூன்று ஆளாகிவிடுவீர்கள். பணம் கட்டினால் பத்து நாளில் அச்சாகும் ஜர்னல் பக்கம் போகாதீர்கள்; அந்த வரி பயோடேட்டாவில் அழியாத கறை. புள்ளிவிவரக் கணக்குக்கு ஆர் மென்பொருளும் வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ்ஸும் கற்றுக்கொள்ளுங்கள். செடி தெரிந்தவர் பலர், கணக்குத் தெரிந்தவர் பலர், இரண்டும் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

ஆனால் எச்-இண்டெக்ஸ் கணக்கில் ஹெர்பேரியம் வராது, நிறுவனம் வராது. பாவா தன் 1974 கட்டுரையின் மேற்கோள்களை எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. 1996-ல் பெங்களூரில் ஏட்ரீ நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் கள மையம் திருநெல்வேலி மாவட்டத்தின் மணிமுத்தாறில் இயங்குகிறது. 2012-ல் நார்வேயின் குன்னெரஸ் விருது, 2015-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, 2018-ல் லின்னியன் பதக்கம். கட்டுரை எழுதியதற்கு மட்டும் வந்தவை அல்ல இவை. அடுத்த தலைமுறை வேலை செய்ய இடம் கட்டியதற்கும் சேர்த்து. மேத்யூவின் ராபினாட்டும் அந்த வகைதான்: ஆள் போன பின்னும் கதவு திறந்திருக்கிறது.

இந்த வாரம் செய்யவேண்டியது

ஒரு கெட்டி அட்டை நோட்டு, இரண்டு பென்சில், ஒரு தையல் டேப். மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் முடியும். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் பத்து மரத்தைத் தேர்ந்தெடுத்து எண் கொடுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பத்தையும் சுற்றி வந்து எழுதுங்கள்.

மலையில் நீலக்குறிஞ்சி கடைசியாகப் பெரிதாகப் பூத்தது 2018-ல். பன்னிரண்டு வருஷக் கணக்கில் அடுத்தது 2030. அப்போது கேமராவோடு பெருங்கூட்டம் மேலே ஏறும். பூப்பதற்கு முந்தைய வருஷங்களில் அந்தச் சரிவு எப்படி இருந்தது, எத்தனை செடி, எவ்வளவு உயரம் என்று எழுதி வைத்திருக்கும் ஆளை அந்த வருஷம் எல்லோரும் தேடுவார்கள். அனுமதிக்கான விண்ணப்பத்தை இப்போதே போட்டால் நேரம் சரியாக இருக்கும்.